வைரஸ் போனாலும் பட்டா அதன் பெயரில்

2001 ஜூலையில் சர்காம் என்ற வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகைச் சுற்றி வந்தது. நலம் விசாரித்து, ஆலோசனை கேட்டு வரும் கடிதத்தோடு ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தவரின் கணினியில் புகுந்து, அங்கே கிடைக்கும் ஆவணம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுத்தவருக்குப் போகும். இதெல்லாம் வைரஸ்கள் வழக்கமாகச் செய்வதுதான். விநோதம், அதை நீக்கிய பிறகு தொடங்கியது. வைரஸ் கோப்பைத் தேடிப் பிடித்து அழித்தவர்களுக்கு வேர்டு திறக்கவில்லை, கால்குலேட்டர் திறக்கவில்லை, எதுவுமே திறக்கவில்லை.

காரணம், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இருந்த ஒரே ஒரு வரி.

எந்த நிரல் எங்கே இருக்கிறது, கணினி எழும்போது எவை தாமாக ஓட வேண்டும், எந்தக் கோப்பை எதைக் கொண்டு திறப்பது என விண்டோஸ் மறக்கக் கூடாத எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. 1992இல் விண்டோஸ் 3.1உடன் சிறிய அளவில் வந்தது. விண்டோஸ் 95 முதல் அது இல்லாமல் அணுவும் அசையாது. இன்றைய கணினியில் அதற்குள் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நிரல்கள் இருக்கும் எக்ஸ்இ வகைக் கோப்பைச் சொடுக்கினால் என்ன செய்வது என்பது. "%1" %* என்ற சில குறிகள்தாம் அங்கே இருக்க வேண்டும். சொடுக்கிய கோப்பையே ஓட்டு என்பது அவற்றின் பொருள்.

சர்காம் அந்தக் குறிகளுக்கு முன்னால் தன் பெயரைச் செருகிவிட்டது. அதன் பிறகு எதைச் சொடுக்கினாலும் முதலில் ஓடுவது வைரஸ். நாம் கேட்ட நிரலையும் அதுவே திறந்து கொடுத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. வைரஸை அழித்த பிறகும் விண்டோஸ் அந்த வரியைத்தான் பார்க்கிறது. அதில் குறித்த கோப்பைத் தேடுகிறது. கிடைக்காமல் கையை விரிக்கிறது. ஆக்கிரமித்தவனை வெளியேற்றியாயிற்று, பட்டா இன்னும் அவன் பெயரில் இருக்கிறது.

திருத்தலாம் என்றால், திருத்தும் கருவியான ரெஜ்எடிட்டும் ஓர் எக்ஸ்இ கோப்பு! இந்த முடிச்சை அவிழ்த்த வழி எனக்கு இன்றும் வியப்புத்தான். ரெஜ்எடிட்டுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் எக்ஸ்இ என்பதற்குப் பதில் காம் என்று மாற்றினார்கள். காம் என்பது டாஸ் காலத்து வகை. அதற்கு ரெஜிஸ்ட்ரியில் தனி வரி உண்டு. வைரஸ் அதைத் தொடவில்லை. ஒரு நிரலை ஓட்டும் நேரத்தில் விண்டோஸ் பெயரின் வாலைப் பார்ப்பதில்லை, கோப்பின் உள்ளே இருக்கும் தலைப்பகுதியைத்தான் பார்க்கும். அதனால் கருவி திறந்தது, வரி திருந்தியது.

ரெஜிஸ்ட்ரியில் இப்படிக் கை வைத்தவர்கள் வைரஸ் எழுதுபவர்கள் மட்டும் அல்ல. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், தன் கணினியில் மறைந்து ஓடும் நிரல் ஒன்றைப் பற்றி எழுதினார். காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைத் தட்டிலிருந்து வந்தது அது. தட்டை நகலெடுப்பதைத் தடுக்க வைத்த மென்பொருள், $சிஸ்$ என்று தொடங்கும் பெயருள்ள எதையும், அது கோப்பானாலும் ரெஜிஸ்ட்ரி பதிவானாலும், கண்ணில் படாமல் மறைத்தது. சில நாட்களிலேயே வேறு வைரஸ்களும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு அதே போர்வைக்குள் நுழைந்தன. ருசினோவிச் அந்த மென்பொருளை அழித்தார். சிடி டிரைவே காணாமல் போனது. டிரைவோடு பேசும் வழியில் தன்னை இடையில் உட்காரவைக்குமாறு அது ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பதிவை நீக்கும் உரிமை நிர்வாகிக் கணக்குக்கே இல்லை. ரெஜ்எடிட்டை சிஸ்டம் கணக்கில் ஓட்டித்தான் அவர் நீக்கினார். அத்தனை அனுபவமுள்ளவருக்கே இந்தப் பாடு.

இந்த இடத்தில், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. வேண்டாம். அநாதையாகக் கிடக்கும் பழைய பதிவுகளால் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை. தவறான ஒன்றை நீக்கினால் கணினி எழாமலே போகலாம். மைக்ரோசாஃப்ட்டும் அவற்றை ஆதரிப்பதில்லை.

2014இல் வந்த பொவெலிக்ஸ் என்ற வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அது கணினியில் தங்கியதும் வட்டில் அதற்கென்று ஒரு கோப்புகூட இல்லை. முழு நிரலும் சங்கேதமாக்கப்பட்டு ரெஜிஸ்ட்ரி பதிவுக்குள்ளேயே கிடந்தது. உள்நுழையும்போது தாமாக ஓட வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரி. அது விண்டோஸின் சொந்தக் கருவிகளைக் கொண்டே மற்றதைப் பிரித்து நினைவகத்தில் ஏற்றும். அந்த வரியின் பெயர், ரெஜ்எடிட்டால் காட்ட முடியாத எழுத்து. கோப்புகளை மட்டும் அலசும் ஆன்டிவைரஸுக்கு அலச எதுவுமில்லை. யாராவது அந்த வரியை அழித்தாலும், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாதி அதை உடனே திரும்ப எழுதிவிடும்.

இப்படிப்பட்டதை அது விழித்திருக்கும்போது நீக்க முயல்வது வீண். யுஎஸ்பி டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு கணினியை எழுப்ப வேண்டும். அப்போது பழைய விண்டோஸ் உறங்குகிறது. ரெஜிஸ்ட்ரி, வட்டில் கிடக்கும் சில கோப்புகள் மட்டுமே. மறைப்பதற்கும் திரும்ப எழுதுவதற்கும் வைரஸ் ஓட வேண்டும், இப்போது அது ஓடவில்லை. அந்தக் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து திறந்து, பொவெலிக்ஸ் போன்றது எழுதிய வரியை நீக்கலாம். எக்ஸ்இ வரியைப் போல இருந்தே ஆக வேண்டியதை மட்டும் அழிக்காமல் பழைய நிலைக்குத் திருத்த வேண்டும். வைரஸ் பார்த்திருக்கக்கூடிய கடவுச்சொற்களை மாற்றுவது இதெல்லாம் முடிந்த பிறகு, அல்லது வேறொரு கணினியில். முன்பே மாற்றினால் புதியதும் வைரஸை அனுப்பியவர் கைக்கே போய்ச் சேரும்.