அலோர் ஸ்டாரிலிருந்து தாவாவ் எவ்வளவு தூரம்?

ஒரு காலத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போன தூரத்தை பஸ் கட்டணத்தைக் கொண்டே அளந்துவிடலாம். இன்று ஆசிரியராகவும் தாதியாகவும் நியமனம் பெற்றுச் சபா மாநிலம் வரை போகிறார்கள். "அவசரமென்றால் பிள்ளை எத்தனை மணி நேரத்தில் வீடு வந்து சேரும்?" என்பதே பெற்றோரின் கவலை. கெடாவின் அலோர் ஸ்டாரையும் சபாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள தாவாவையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதலில் தூரம். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கின்றன. அலோர் ஸ்டார் விமான நிலையம் 100.4 பாகைத் தீர்க்கரேகையிலும், தாவாவ் விமான நிலையம் 118.1 பாகையிலும் உள்ளன. வித்தியாசம் 17.7 பாகை. நம் பகுதியில் ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கி, வடக்கு தெற்கு வித்தியாசத்தையும் சேர்த்தால், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,970 கிலோமீட்டர் வரும்.

ஆனால் பயணி நேர்க்கோட்டில் போவதில்லை. வழக்கமாகக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். அலோர் ஸ்டாரிலிருந்து அங்கே சுமார் 410 கிலோமீட்டர்; ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து தாவாவுக்குச் சுமார் 1,830 கிலோமீட்டர். இரண்டே முக்கால் மணி நேரம். நான்கு மடங்குக்கும் அதிகமான தூரத்துக்கு மூன்று மடங்கு நேரம்கூட ஆகவில்லையே என்கிறீர்களா? ஓடுபாதையில் ஊர்வதும், மேலே ஏறுவதும், கீழே இறங்குவதும் எந்தப் பயணத்திலும் உண்டு. குறுகிய பயணத்தில் பெரும்பொழுது அதிலேயே போய்விடும்.

நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்துக்கும் சபாவுக்கும் ஒரே நேரம்தான். சூரியன் மட்டும் அதற்குக் கட்டுப்படுவதில்லை! பாகைக்கு 4 நிமிடம் வீதம், தாவாவில் பொழுது ஏறக்குறைய 70 நிமிடம் முன்னதாகவே விடியும். இங்கே தலைவிளக்கோடு மரம் வெட்டும் வேளையில் அங்கே வெயில் ஏறிவிடும்.

இனி வாசலுக்கு வாசல் கணக்கு. தாவாவ் பட்டணத்திலிருந்து விமான நிலையம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே போய்க் காத்திருக்க 2 மணி, கோலாலம்பூரில் மாற 3 மணி, இங்கே இறங்கி வீடு வர 1 மணி. பறக்கும் மூன்றே முக்கால் மணியையும் சேர்த்தால் பத்தே முக்கால் மணி நேரம். அதுவும் உடனே டிக்கெட் கிடைத்தால்தான்.

இரண்டு யோசனைகள் சொல்கிறேன். இரு பயணங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் வீணாகலாம். பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் அடையாள அட்டையை மறக்காதீர்கள். சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு.

ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், அடக்க நேரத்தைக் குறிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் செய்தி கிடைத்த பிள்ளை இரவில்தான் வாசலை மிதிக்க முடியும். மாலையில் கிடைத்தால் மறுநாள்தான். "ஏரோப்ளேனில்தானே வருகிறான், இன்னுமா வரவில்லை?" என்று குறை சொல்லாமல், நேரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமை தூரத்திலிருக்கும் பிள்ளைக்கும் உண்டல்லவா?