விதைநெல்லும் உயிர்த்தெழுதலும்



தஞ்சை சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் உண்டு. 1798 பிப்ரவரி 13-இல் தேவனடி சேர்ந்த ஸ்வார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார். சரபோஜி மன்னர் அவர் கையைப் பற்றியிருக்கிறார். மன்னரே சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்தவரும் மரித்தார் என்பதைச் சிற்பம் மறைக்கவில்லை.

1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் விதையைக் காட்டுகிறார். நம் காவிரிக்கரை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். முளைகட்டிய விதைநெல்லை நாற்றங்கால் சேற்றில் தெளித்தபின் அந்த மணியைத் திரும்பப் பெற முடியாது. எழும்புவது பச்சை நாற்று.

ஆகவே, மருந்து இனி உதவாத நோயாளியிடம் "பிழைத்துவிடுவீர்கள்" என்று நாங்கள் சொல்வதில்லை. கையைப் பிடித்து ஜெபிக்கிறோம். இரவில் யாராவது உடனிருக்கிறோம். அந்தக் கட்டிலருகே போட்டிருக்கும் நாற்காலியும் உங்கள் காணிக்கைதான்.