விசைக்கு ஆளாகும் புரதங்கள்: செல்லுக்குள் நடப்பது என்ன?

கொல்கத்தா: செல்லுக்குள் இழுவிசைக்கு ஆளாகும் புரதங்கள் மீண்டும் உரிய வடிவத்தைப் பெற பி47 என்ற சிறிய புரதம் உதவக்கூடும் என்பதைக் கொல்கத்தாவில் உள்ள எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

புரதம் என்பது அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அது உரிய வடிவில் மடிந்திருந்தால்தான் பெரும்பாலும் தன் பணியைச் செய்ய இயலும். அந்த மடிப்பை அவிழ்க்கப் பெரிய விசை தேவையில்லை. செல்லுக்குள் செயல்படும் விசைகள் பிகோநியூட்டன் அலகில் அளக்கப்படுகின்றன. ஒரு பிகோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

மடிப்பு அவிழ்வதெல்லாம் சேதம் என்று கொள்வதற்கில்லை. செல்லைச் சுற்றுப்புறத்துடன் பிணைக்கும் டேலின் என்ற புரதத்தின் ஒரு பகுதி, சுமார் 5 பிகோநியூட்டன் விசையிலேயே அவிழ்ந்துவிடுகிறது. அப்போது உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட, வின்குலின் என்ற மற்றொரு புரதம் அங்கு வந்து ஒட்டிக்கொண்டு பிடிமானத்தை வலுவாக்குகிறது. இழுக்கப்படுகிறோம் என்பதைச் செல் இவ்வாறே அறிந்துகொள்கிறது.

அளவு மீறினால் விளைவு வேறு. இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம், இரத்தம் வேகமாகப் பாயும்போது நீண்டு விரிந்து, தட்டணுக்களைப் பற்றிக்கொள்கிறது. விரியும்போது மட்டுமே வெளிப்படும் ஓர் இடத்தில் ஒரு நொதி அதனை வெட்டி, நீளத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதயத்தின் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு இந்த வெட்டு அளவுக்கு மிஞ்சி நடப்பதால், குடலில் இரத்தக் கசிவு ஏற்படுவதுண்டு. கோளாறு வால்வில், கசிவு குடலில்.

கொல்கத்தா ஆய்வு செல்லின் உட்புறத்தைப் பற்றியது. எண்டோபிளாச வலையில் பழுதடையும் புரதங்களை இழுத்து வெளியேற்றி, அழிப்பதற்கு அனுப்புவது பி97 என்ற புரத இயந்திரம். அதன் துணைப் புரதமாகவே பி47 இதுவரை அறியப்பட்டிருந்தது.

ஆய்வாளர்கள் பயன்படுத்திய கருவி காந்த இடுக்கி. புரதத்தின் ஒரு முனை கண்ணாடிப் பரப்பிலும் மறுமுனை நுண்ணிய காந்த மணியிலும் பிணைக்கப்படும். மேலுள்ள காந்தத்தை நெருக்கினால் விசை கூடும், விலக்கினால் குறையும். ஒற்றை மூலக்கூறு அவிழ்வதையும் மடிவதையும் மணியின் அசைவே காட்டிக்கொடுக்கும். இச்சோதனையில், இழுவிசை நீடிக்கும்போதே புரதம் மீண்டும் மடிய பி47 துணைபுரிவது தெரியவந்தது.

பி97 புரதத்தில் ஏற்படும் மரபணு மாற்றங்கள் தசைச் சிதைவு நோயுடனும் ஒருவகை மறதி நோயுடனும் தொடர்புடையவை. எனினும், காந்த இடுக்கிச் சோதனை செல்லுக்கு வெளியே, தனித்தனி மூலக்கூறுகளில் நடத்தப்படுவது. நோயாளிகளுக்கான மருந்தாக இது உருப்பெறுமா என்பதற்கு, முதலில் உயிருள்ள செல்களில் பி47 இவ்வாறே செயல்படுவது உறுதியாக வேண்டும்.