“அக்காமார் சொல்லுறதைக் கேட்டு நட”

எழுவைதீவு இறங்குதுறையில் ஒரு தாய் தன் மகளை வழியனுப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை அவள். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, விடுதித் தோழிகளுக்குக் கொடுக்க ஒரு பை புழுக்கொடியலும் பனங்கட்டியும். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நானும் அதே படகுக்காகக் காத்து நின்றேன். படகு கட்டவிழ்க்கும் நேரம் தாய் மகளின் காதோரம் சொன்ன புத்திமதி என் காதிலும் விழுந்தது.

“பிள்ளை, அங்கை அக்காமார் சொல்லுறதைக் கேட்டு நட. ஒருத்தரையும் எதிர்த்துக் கதைச்சுப் போடாதை.”

என் அம்மாவும் எனக்கு இதையேதான் சொல்லி அனுப்பினார். ஆகவே நான் பேசாமல் நின்றேன். அன்று வாய் திறந்திருக்கலாமே என்று பின்னர் பலமுறை நினைத்ததுண்டு.

மூன்று கிழமை கழித்து அந்தத் தாயிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. “பிள்ளை வீட்டை வந்திட்டுது. இனிப் போகமாட்டன் எண்டு நிக்குது. என்னெண்டு கேட்டால் வாய் திறக்குதில்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ.”

ஊர்காவற்றுறைக்குப் போய் அங்கிருந்து படகேறினேன். எழுவைதீவு சின்னஞ்சிறிய தீவு. பனையும் கடற்றொழிலும்தான் பெரும்பாலானோருக்குச் சோறு போடுகின்றன. காற்று கடுமையானால் படகு ஓடாது. நோயாளியும் காத்திருக்க வேண்டும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் காத்திருக்க வேண்டும். அப்படியான இடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போவதென்றால் அதன் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருக்கும் என்பதை வாசகியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொல்லைப்புறத்தில் இருந்து நெடுநேரம் கதைத்தோம். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் நாளே எல்லோருடைய கைபேசி இலக்கங்களையும் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். இரட்டைப் பின்னல், நீளப் பாவாடை, ரப்பர் செருப்பு. இன்ன பாதையால் நடக்கக் கூடாது, சிற்றுண்டிச்சாலையில் இன்ன மேசையில் இருக்கக் கூடாது. சீனியர்கள் அனைவரின் பெயரையும் ஊரையும் மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். இவளுக்கு வைத்தது ‘லோஞ்ச்’. தீவாள் என்பதால்.

“அது பரவாயில்லை அக்கா. சிரிச்சுக்கொண்டு சொன்னன், நான் லோஞ்ச் எண்டு. பிறகு இராவிலை எடுக்கத் தொடங்கிச்சினம்.”

இரவு பதினொரு மணிக்கு அழைப்பு. எடுக்காவிட்டால் மறுநாள் முழு வகுப்புக்கும் தண்டனை. பிறகு வீடியோ அழைப்பு. கேட்கக் கூடாத கேள்விகள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாட் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

“ஏன் பிள்ளை, மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். படித்தவர்கள் கேட்கும் முட்டாள்தனமான கேள்வி அது.

“தனிய விட்டிடுவினம் அக்கா.”

இந்த ஒரு வசனத்தில்தான் பகிடிவதையின் முழுப் பலமும் இருக்கிறது. அடிக்குப் பயந்து பணிகிறவர்கள் குறைவு. தனித்து விடப்படுவதற்குப் பயந்தே பெரும்பாலானோர் பணிகிறார்கள். பணிந்தவர்களுக்கு ‘பட்ச்’ என்ற உறவு கிடைக்கும். சீனியர்கள் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் தருவார்கள், பரீட்சைக்கு முன் ‘குப்பி’ என்று சொல்லும் வகுப்பு எடுப்பார்கள், சுகமில்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். மறுத்தவளோடு சொந்த வகுப்புப் பிள்ளைகளே கதைக்க மாட்டார்கள். ஊரில் ஒரு சொந்தக்காரரும் இல்லாத, வீட்டுக்கு ஓடிவர இரண்டு பஸ்ஸும் ஒரு படகும் தேவைப்படும் தீவுப் பிள்ளைக்கு இது சாதாரண மிரட்டல் அல்ல.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளால் பெயர் சூட்டிய சகோதர சங்கங்கள் உண்டு. 1776இல் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா என்ற சங்கம் இவற்றுக்கு முன்னோடி. அது பின்னாளில் கல்விச் சிறப்புக்கான கழகமாக மாறிவிட்டது. ஆனால் அதைப் பார்த்துப் பிறந்த சங்கங்கள் பலவற்றில் சேர வரும் புதியவரை வதைத்துப் பார்க்கும் வழக்கம் ஊறிப்போயிற்று. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிமத்தி பியாசா என்ற பத்தொன்பது வயது மாணவர் அத்தகைய சங்கமொன்றில் சேரும் இரவில் அளவுக்கு மீறி மது குடிக்கவைக்கப்பட்டு, படியில் விழுந்து, உரிய நேரத்தில் உதவியின்றி இறந்தார். 2024 டிசம்பரில்தான் அங்கு இதற்கெனத் தேசிய அளவில் சட்டம் வந்தது. அங்கே சங்கத்தில் சேருவதும் சேராததும் மாணவரின் விருப்பம் என்றாவது சொல்லலாம். நம் பிள்ளைகளோ எந்தச் சங்கத்துக்கும் விண்ணப்பிப்பதில்லை, படிக்கத்தான் போகிறார்கள்.

நம்மிடமும் மரணங்கள் உண்டு. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழக இராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி வதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்தார். இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்து வாழ்ந்தவர் 2002இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், கடுமையான உடற்பயிற்சிகள் செய்யவைக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். தமிழ்நாட்டில் 1996இல் கொல்லப்பட்ட மருத்துவ மாணவர் நாவரசு, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். துணைவேந்தரின் பிள்ளைக்கே அந்தக் கதியென்றால் கடற்றொழிலாளியின் பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது? கைபேசி வந்தபின் வதை விடுதி அறைக்குள்ளும் வந்துவிட்டது. 2020 பெப்ரவரியில் யாழ். பல்கலைக்கழகக் கிளிநொச்சி வளாக மாணவிகளுக்குத் தொலைபேசி வழியாக நடந்த பாலியல் தொல்லை நாடு முழுவதும் பேசப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இராது.

2010இல் நான் முதலாம் வருடம். எங்களையும் வதைத்தார்கள். அழுதேன், பிறகு பழகிப்போயிற்று. அடுத்த வருடம் நான் ‘அக்கா’ ஆனேன். தோட்டப்புறத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். அவள் பேச்சைப் பேசிக் காட்டச் சொல்லி விடுதி அறையில் எல்லோரும் சிரித்தோம். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. சிரித்தேன். ஒரு மாதத்துக்குள் அவள் கட்டில் வெறுமையாகிவிட்டது. பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். சமூகவியல் பட்டம் பெற்று, பெண்களுக்காக வேலை செய்கிறேன் என்று சொல்லித் திரிகிற எனக்கு, அவளைத் தேடிப்போய் ஒரு வார்த்தை கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

எழுவைதீவுப் பிள்ளைக்கு இதையும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகுதான் கைபேசியை எடுத்து அந்தச் செய்திகளைக் காட்டினாள்.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் பகிடிவதையைத் தடைசெய்கிறது. உடற்காயம் மட்டுமல்ல, மன வேதனையும் பயமும் ஏற்படுத்துவதும் அச்சட்டத்தின்படி பகிடிவதையே. இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. இதைத் தாய்க்கு வாசித்துக் காட்டியபோது, “சட்டம் இவ்வளவு பெரிசா? அப்ப ஏன் இன்னும் செய்யினம்?” என்று கேட்டார். செய்கிறவர்கள் இருப்பதால் அல்ல, சொல்கிறவர்கள் இல்லாததால் என்றேன். அது அரைவாசி உண்மைதான். சொன்ன பிள்ளைகளைக் காப்பாற்றாத இடங்களும் உண்டு.

அழைப்புகள் வந்த நேரங்களையும் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதினோம். செய்திகளை ஸ்கிறீன்ஷொட் எடுத்து என் கைபேசியிலும் ஒரு பிரதி வைத்தோம். மாணவ ஆலோசகருக்கு ஒரு கடிதம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு. ஆணைக்குழுவுக்கு நேரடியாக, இணையம் மூலமும் முறையிடலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

தாய்மாருக்கு என் அனுபவத்தில் ஒன்று. “ராகிங் நடக்குதோ?” என்று கேட்காதீர்கள். “இல்லையம்மா” என்றுதான் பதில் வரும். “நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? ஆரோடை இருந்து சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். குரல் மாறினால் தாய்க்குத் தெரியும்.

பத்து நாட்களின் பின் அவள் திரும்பிப் போனாள். இறங்குதுறையில் அதே சூட்கேஸ். பையில் இம்முறை புழுக்கொடியல் குறைவு. தாய் நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஒவ்வொரு நாளும் இரவு ஒம்பது மணிக்கு எடுப்பன். நீ எடுக்காட்டி அடுத்த லோஞ்சிலை நான் வருவன்.”

விசாரணை நடந்தது. இருவர் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்களைப் பற்றி முடிவு வரவில்லை. சீனியர்கள் இன்றும் அவளோடு கதைப்பதில்லை. குப்பி வகுப்புக்கு அழைப்பில்லை. நூலகத்தில் படித்தே முதல் அரையாண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடங்களும் சித்தியடைந்துவிட்டாள். கூட இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருத்தி மன்னார், மற்றவள் திருகோணமலை. பல நாட்களில் மத்தியானச் சாப்பாடு தனியேதான்.

கடந்த மாதம் எடுத்தாள். புதிய மாணவர்கள் வரப்போகிறார்களாம். அவளுடைய வகுப்பிலேயே சிலர் பட்டப்பெயர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்களாம். அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி இரண்டு வேண்டும் என்றாள். ஒன்று விடுதிச் சுவரில் ஒட்ட, ஒன்று கிழித்தால் திரும்ப ஒட்ட.