அதியமான் என்னும் ஆண்பாற்பெயர்: குலப்பெயர் இயற்பெயரான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தகடூரை ஆண்ட அதியர் குடியின் பெயரான ‘அதியமான்’ இக்காலத்தில் அருகிய வழக்காக ஆண்பாற் பிள்ளைப்பெயராய் வழங்குகிறது. இலக்கியம், கல்வெட்டு ஆகியவற்றின் சான்றுகளை நோக்கின், இஃது இயற்பெயரன்று, குலப்பெயர். குலப்பெயர் பிள்ளைப்பெயராக உயிர்பெற, ‘அஞ்சி’ என்னும் இயற்பெயர் வழக்கிழந்தது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அதியமான், அஞ்சி, எழினி, ஜம்பைக் கல்வெட்டு, சதியபுதோ, குருபரப்பள்ளி.

முன்னுரை

1965ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. பழந்தமிழர் தகடூர் நாடு என்றது பெரிதும் இப்பகுதியையே. இங்கு அதியமான் என்னும் பெயர் ஊர்ப்பெயராகவும் நிறுவனப் பெயராகவும் பரவலாகக் காணப்படுகிறது. தருமபுரிக்கு அருகில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உள்ளது. தருமபுரி நகரில் அதியமான் பெயரில் ஆண்கள் பள்ளியும் அவ்வையார் பெயரில் மகளிர் பள்ளியும் அமைந்துள்ளன. ஓசூரில் 1987இல் தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரியும் இப்பெயரே தாங்கியுள்ளது. ஆயின், பிள்ளைக்கு இடும் பெயராக அஃது அருகியே வருகிறது. பலகையில் பெருவழக்காகவும் ஆள்பெயரில் சிறுவழக்காகவும் ஒரு பெயர் நிற்பது ஆய்வுக்குரியதாகும்.

பாடல்களில் பெயரின் நிலை

அதியமான் நெடுமான் அஞ்சி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவ்வையாரால் மிகுதியும் பாடப்பெற்றவன். அவன் மகன் பொகுட்டெழினி. சங்கப் பாடல்கள் இவர்களைக் குறிக்கும் முறை நுட்பமானது. நெல்லிக்கனி பெற்ற செய்தியைக் கூறும் புறநானூற்று 91ஆம் பாடலில் அவ்வையார் தலைவனை ‘அஞ்சி’ என்கிறார்; ‘அதியர்’ என்பதைக் குடியைச் சுட்டப் பன்மையில் ஆள்கிறார். சிறுபாணாற்றுப்படை அவனை ‘அதிகன்’ என்கிறது. புறநானூற்று 158ஆம் பாடலில் வள்ளல் எழுவரை எண்ணும் பெருஞ்சித்திரனார் ‘எழினி’ என்கிறார். ‘அதியமான்’ என்னும் முழுவடிவம் பெரிதும் பாடல்களின் அடியில் அமைந்த கொளுக்குறிப்புகளிலேயே இடம்பெறுகிறது.

ஆகவே ‘அதியமான் நெடுமான் அஞ்சி’ என்னும் தொடரில் மூன்று அடுக்குகள் உள்ளன. அதியமான் என்பது குடியையும், நெடுமான் என்பது பெருமையையும், அஞ்சி என்பது ஆளையும் சுட்டுகின்றன. அகநானூற்றில் ‘அஞ்சியத்தை மகள் நாகையார்’ என்னும் புலவர் பெயர் காணப்படுவது, அஞ்சி என்பது உறவுமுறை சுட்டும் அளவுக்கு ஆளுக்குரிய பெயராக வழங்கியதை உறுதிப்படுத்துகிறது.

‘மான்’ ஈறும் முதற்பகுதியும்

‘மான்’ என்னும் ஈறு ‘மகன்’ என்பதன் மரூஉ. பெருமகன் பெருமான் ஆயிற்று. கோமகன் கோமான் ஆயிற்று. சேரமான், மலையமான் ஆகியவையும் இவ்வாறு அமைந்தவையே. பதிற்றுப்பத்தின் பதிகத்தில் வரும் ‘வேண்மாள்’ என்னும் பெயர் இதற்குத் துணைச்சான்று. வேள்மகள் என்பதே வேண்மாள் ஆயிற்றாதலின், மகளுக்கு ‘மாள்’ நிற்பதுபோல் மகனுக்கு ‘மான்’ நிற்கிறது. இதன்படி அதியமான் என்பதற்கு ‘அதியர் குடி மகன்’ என்பதே பொருள். ‘மான்’ என்பதை விலங்கின் பெயராகக் கொள்ளும் இக்கால விளக்கத்திற்கு இலக்கணச் சான்று இல்லை. ‘அதிகமான்’ என்னும் வடிவங்கொண்டு ‘மிகுதி உடையவன்’ எனக் கூறுவதும் பிற்கால ஒலியொப்புமை வழிப்பட்ட விளக்கமே.

முதற்பகுதியாகிய ‘அதிய’ என்பதற்குத் திறவுகோலாக அமைந்தது அசோகரின் பாறைக் கல்வெட்டு. அவருடைய இரண்டாம் பாறைக் கட்டளை, மாந்தர்க்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்யப்பெற்ற எல்லைப்புற நாடுகளைக் கூறுகையில், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் ‘சதியபுதோ’ என்பாரையும் குறிப்பிடுகிறது. இவர் யாவர் என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்டது. காஞ்சிபுரத்தோடும் கோசரோடும் இப்பெயரை இயைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கே. ஜி. சேஷ ஐயர் இதனை அதியமானோடு இயைத்தார்.

1981இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு இவ்வழக்கைத் தீர்த்தது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளி, அஃதாவது துறவியர் உறையுள், பற்றிய ஒற்றைவரிக் கல்வெட்டு அது. அஞ்சியின் பெயருக்கு முன்னர் ‘சதியபுதோ’ என்னும் பிராகிருதப் பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. ஐராவதம் மகாதேவன் இதனைப் பொது ஆண்டு 1ஆம் நூற்றாண்டினதாகக் கொள்கிறார். அஞ்சி கோவலூரை வென்ற செய்தியைப் புறநானூற்று 99ஆம் பாடல் கூறுவதால், கல்வெட்டு அமைந்த இடமும் இலக்கியச் செய்தியோடு பொருந்துகிறது.

இங்கு இரண்டு மொழியியற் செய்திகள் வெளிப்படுகின்றன. முதலாவது, ‘புதோ’ (புத்திரன்) என்பது ‘மகன்’ என்பதன் மொழிபெயர்ப்பு. சேரமகனுக்குக் கேரளபுத்திரன் நிற்பதுபோல் அதியமகனுக்குச் சதியபுத்திரன் நிற்கிறது. இரண்டாவது, சொன்முதற் சகரம் தமிழில் கெடும் இயல்பு. தாமஸ் பர்ரோ 1947இல் விரிவாக ஆராய்ந்த மாற்றம் இது. சிப்பி என்பது இப்பி எனவும், சமணர் என்பது அமணர் எனவும் வருதல் அறிந்ததே. கன்னடத்தில் ‘சாவிர’ எனச் சகரத்தோடு வழங்கும் எண்ணுப்பெயர் தமிழில் ‘ஆயிரம்’ எனச் சகரமின்றி வழங்குவதும் இவ்வகையினதே. சகரம் நின்ற வடிவும் கெட்ட வடிவும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பது ஜம்பைக் கல்வெட்டின் தனிச்சிறப்பு. எனவே ‘சதிய’ என்பதை வடமொழிச் ‘சத்தியம்’ எனக் கொண்டு ‘வாய்மையின் மகன்’ எனப் பொருளுரைத்தல், குடிப்பெயரின் ஒலியை வடமொழிச் சொல்லோடு இயைத்த விளக்கமாகவே கொள்ளத்தக்கது.

இடைக்காலத் தொடர்ச்சி

இப்பெயர் சங்ககாலத்தோடு அற்றுவிடவில்லை. நாமக்கல் குடைவரைக் கோயில் ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ எனக் கல்வெட்டில் குறிக்கப்பெறுகிறது. அதனைச் செய்வித்த குணசீலன் அதிய குலத்தவன். ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் கங்கராசன் 1116ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைக் கைப்பற்றியபோது, அங்குச் சோழர் சார்பில் எதிர்நின்றவனைக் கன்னடக் கல்வெட்டுகள் ‘அதியம’ என்கின்றன. போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் கல்வெட்டில் தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் தன்னை எழினியின் வழியினனாகக் கூறி, எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்த செய்தியைப் பதிவு செய்கிறான். அக்கல்வெட்டின் வடமொழிப் பகுதியில் அவன் பெயர் ‘வ்யாமுக்தசிரவணோஜ்வலன்’ என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ‘சதியபுதோ’ என்பதில் கண்ட மொழிபெயர்ப்பு மரபு ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் இக்குடியில் தொடர்ந்தமை இதனால் புலனாகிறது.

இவ்விடைக்காலச் சான்றுகள் அனைத்திலும் அதியன், அதியம, அதிகைமான் என்பவை குடியையும் பதவியையும் சுட்டுகின்றன. குணசீலன், விடுகாதழகிய பெருமாள் என்னும் ஆள்பெயர்கள் தனியே நிற்கின்றன.

மறுமலர்ச்சியும் தேர்வும்

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபின், சங்ககாலத் தலைவர் பெயர்கள் கற்றோர்க்கு எட்டின. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர்த் திராவிட இயக்கமும் பெயர் மாற்றத்தைப் பண்பாட்டுச் செயலாக்கின. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் பெயர் மாறியமை யாவரும் அறிந்தது. இச்சூழலிலேயே பாரி, செழியன், அதியமான் முதலியவை பிள்ளைப்பெயர்களாயின.

இம்மறுமலர்ச்சி ஒரு தேர்வையும் உட்கொண்டிருந்தது. அதியர் குடியிலிருந்து கொள்ளத்தக்க பெயர்கள் மூன்று: அஞ்சி, எழினி, அதியமான். இவற்றுள் வீரனுக்கே உரிய ‘அஞ்சி’ ஒதுக்கப்பட்டது. இன்றைய தமிழில் அச்சொல் ‘பயந்து’ எனப் பொருள்படும் வினையெச்சத்தோடு ஒலியால் ஒன்றுபடுவதே காரணம் எனலாம். பகைவரைத் தன் பெயராலேயே நடுக்கியவன் பெயர், பிள்ளைக்கு இடுவோர் செவியில் அச்சத்தின் பெயராக ஒலிக்கிறது. ‘எழினி’ என்பது திரைச்சீலையையும் குறிக்கும் சொல். இகர ஈற்றால் இக்காலத்தில் பெண்பாற்பெயராகவும் வழங்குகிறது. எஞ்சிய அதியமானுக்கு இவ்விடர்ப்பாடுகள் இல்லை. பெருமான், கோமான், சீமான் என்னும் சொற்கள் வழக்கில் இருப்பதால் அதன் ஆண்பால் ஈறு ஐயமின்றி உணரப்படுகிறது. முதற்பகுதி ‘அதிகம்’ என்பதை நினைவூட்டிப் பெருமைப்பொருள் தருகிறது. இங்ஙனம் மூதாதையரின் இயற்பெயர் மறைய, குலப்பெயர் தனிமகனின் இயற்பெயராயிற்று.

பரவல் குறைந்தமைக்கும் இதுவே ஒரு காரணமாகலாம். பாரி, செழியன் போன்று இரண்டு அல்லது நான்கு எழுத்தில் அமையாமல் ஐந்தெழுத்தில் நிற்பது இப்பெயர். மேலும், ஒரு வட்டாரத்தின் பழைய குடியோடும் அரசோடும் அது பிணைந்துள்ளது. அவ்வட்டாரத்தில் நிறுவனங்களின் பெயராக நிலைபெற்றுவிட்ட நிலையில், ஆள்பெயராகக் கொள்வதற்குத் தனி விழைவு தேவைப்படுகிறது.

குருபரப்பள்ளி: ஓர் ஒப்புமை

ஒலி நிற்கப் பொருள் மாறும் இந்நிகழ்வு ஆள்பெயருக்கு மட்டும் உரியதன்று. கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்த குருபரப்பள்ளி இதற்கு ஏற்ற ஒப்புமை. தமிழ் வழி நோக்குவார்க்கு இப்பெயரில் ‘குருபரன்’ தோன்றுகிறான். கன்னட வழி நோக்கின், ‘குருபர ஹள்ளி’, அஃதாவது ஆடு மேய்க்கும் குருபர் (குறும்பர்) வாழும் ஊர் எனப் பகுக்க இடமுண்டு. கருநாடகத்தில் அப்பெயருடைய ஊர்கள் பல உள்ளன. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாதலும் பள்ளி, ஹள்ளி என்பவற்றால் விளங்கும். குறும்பர் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர். மேய்ச்சல் குடியின் பெயர் இறைவன் பெயராக உணரப்படுதலும், குடிப்பெயரான ‘அதிய’ மிகுதிப்பொருளாக உணரப்படுதலும் ஒரே இயல்பின.

தொழிற்பேட்டையாக வளரும் இவ்வெல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் ஒருங்கு வாழ்கின்றனர். இங்குப் பெயராய்வுக்கு வாக்காளர் பட்டியல் நல்ல மூலமாகும். வாக்காளர் பெயரும் தந்தை பெயரும் அகவையும் ஒருங்கே இருப்பதால், இரு தலைமுறைப் பெயர்களை ஒப்பிட்டு, இலக்கியப் பெயர்கள் எக்காலத்தில் எக்குடும்பங்களில் நுழைந்தன எனக் காண இயலும்.

முடிவுரை

அதியமான் என்பது ‘அதியர் குடி மகன்’ எனப் பொருள்படும் குலப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தமிழியக்கங்கள் அதனை ஆள்பெயராக்கின. வரலாற்றுப் பெருமை மட்டும் ஒரு பெயரை வாழவைப்பதில்லை. வாழும் மொழியில் அப்பெயரின் ஒலி எப்பொருளை எழுப்புகிறது என்பதும் அதனை முடிவு செய்கிறது. அஞ்சி மறைந்ததும் அதியமான் நின்றதும் இதனாலேயே. ஆகவே அருகிய பெயர்களை ஆராய்வோர், வழக்கில் உள்ள பெயர்களோடு, அப்பெயர்களுக்கு அருகிலிருந்து கைவிடப்பட்ட பெயர்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.