அமுக்கம் மாறினால் பசளையின் அளவும் மாறும்

சொட்டு நீர்ப்பாசனக் குழாயில் பசளைக் கரைசலைச் சேர்க்கும் வெஞ்சூரிக் கருவியை வாங்கியவர், "இது ஒழுங்காக உறிஞ்சவில்லை" என்று கடைக்குத் திரும்பி வருவதுண்டு. பெரும்பாலும் பிழை கருவியில் அல்ல, நீரின் அமுக்கத்திலேயே இருக்கும். உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்கும் மாணவர்களுக்கு இதனைச் செய்முறையாகக் காட்டிவிட்டால், அவர்களது வீட்டுத் தோட்டங்களுக்கும் அது இலாபமாகும்.

வெஞ்சூரியின் நடுப்பகுதி ஒடுங்கியது. அதனூடாக நீர் வேகமாகப் பாயும்போது அவ்விடத்தில் அமுக்கம் குறைந்து, கரைசல் உள்ளே இழுக்கப்படுகிறது. இதற்கு, கருவிக்குள் நுழையும் நீரின் அமுக்கம் வெளியேறும் நீரின் அமுக்கத்தை விடப் போதியளவு கூடுதலாக இருக்க வேண்டும். கருவிக்கு அப்பாலுள்ள வடிகட்டி அடைபட்டாலோ, சில வால்வுகள் மூடப்பட்டாலோ வெளிப்பக்க அமுக்கம் ஏறும். உறிஞ்சல் குறையும், சிலவேளை நின்றுவிடும்.

வகுப்பில் இதைக் காட்டப் பசளை தேவையில்லை. அளவு குறித்த போத்தலில் சாயம் கலந்த நீரை வைத்து, கருவியிலிருந்து வரும் நீரை ஒரு பீப்பாயில் சேகரியுங்கள். பீப்பாயில் 100 லீற்றர் நிரம்பும்போது போத்தலில் 1 லீற்றர் குறைந்திருந்தால், கலவை நூற்றுக்கு ஒன்று. பின்னர் வெளிப்பக்க வால்வைச் சற்று மூடி மீண்டும் அளவுங்கள். இப்போது அரை லீற்றரே குறைந்திருந்தால், கலவை இருநூற்றுக்கு ஒன்று. அதாவது பயிருக்குப் பாதிப் பசளைதான் கிடைத்திருக்கும்.

நட்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பயிர் வெளிறுவதைக் கண்ட விவசாயி கரைசலை இருமடங்கு செறிவாக்குகிறார். பின்னர் வடிகட்டியைக் கழுவியதும் அமுக்கம் சீராகி, தேவையைப் போல் இருமடங்கு பசளை போய்விடுகிறது. கற்பிட்டி போன்ற மணற்றரையில் அந்த மிகுதி நிலத்தடி நீரைச் சென்றடையும். அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. விரயமாவது பணம் மட்டுமல்ல, குடிநீரும் கெடுகிறது.

ஆகவே, கருவி வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் குழாயின் அமுக்கத்துக்கும் நீரோட்டத்துக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். கருவியின் இருபுறமும் அமுக்கமானி பொருத்துங்கள். நீர் பின்னோக்கிச் சென்று கிணற்றில் கலக்காதிருக்க ஒருவழி வால்வு அவசியம். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பியிராமல், உங்கள் தோட்டத்திலேயே அளந்து பார்ப்பதே சரியான கணக்கு.