சோப்புக்கு எந்த பியர்?

வீட்டில் சோப்பு செய்யும்போது தண்ணீருக்கு இருப்பது ஒரே வேலை: காஸ்டிக் சோடாவைக் கரைத்து எண்ணெயோடு சேர்ப்பது. சோடியம் ஹைட்ராக்சைடு எனும் அந்தக் காரமும் எண்ணெயும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. தண்ணீர் மெல்ல ஆவியாகிப் போகும். அந்தத் தண்ணீருக்குப் பதில் பியரை ஊற்றினால் அதுதான் பியர் சோப்பு. குளித்துவிட்டுப் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் வேண்டாம். பதமான சோப்பில் பியர் வாசம் அநேகமாக இராது.

பியரில் சோப்புக்கு உதவுவது, நொதித்தபின் மிஞ்சியிருக்கும் மால்ட் சர்க்கரை. சர்க்கரை இருந்தால் சோப்பு நீரில் எளிதாகக் கரையும், நுரை கூடும். பியரிலுள்ள வைட்டமின் தோலுக்கு ஊட்டம் தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. அரை நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருள் தோலுக்கு எதை ஊட்டும்?

கெடுதல் செய்பவை இரண்டு. ஒன்று வாயு, காரம் பட்டதும் பியர் சீறிப் பாத்திரத்தைத் தாண்டி வழியும். மற்றொன்று ஆல்கஹால், அது கலவையைச் சூடேற்றி, அச்சில் ஊற்றுவதற்குள் கட்டியாக்கிவிடும். இங்கேதான் ஒரு வேடிக்கை. சிங்கப்பூரில் பியருக்கான தீர்வை அதிலுள்ள தூய ஆல்கஹாலைக் கணக்கிட்டு வசூலாகிறது, லிட்டருக்கு 60 வெள்ளி. 5 விழுக்காடு பியர் 320 மில்லி டின்னில் இருக்கும் ஆல்கஹால் 16 மில்லி. தீர்வை மட்டும் 96 காசு. அந்தக் காசு கொடுத்த பொருளைத்தான் அடுப்பில் ஏற்றி ஜன்னல் வழியே விரட்டப்போகிறோம்.

ஆகவே விலையுயர்ந்த பியர் வீண். 2022இல் கடைக்கு வந்த நியூபுரூவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நியூவாட்டரைக் கொண்டு பிரூவர்க்ஸ் காய்ச்சிய பியர் அது. பழவாசம் தரும் ஹாப்ஸ் பூக்கள் போட்டது. குடிப்பவர் குடிக்கட்டும், அந்த வாசம் காரத்தின் முன் நிற்காது. 1932இல் மலாயன் புரூவரீஸ் கொண்டுவந்த டைகர் சோப்புக்குத் தாராளமாகப் போதும். நிறம் இளம்பழுப்பாக வரும். கரும்பழுப்பு வேண்டுமானால் ஏபிசி போன்ற ஸ்டவுட். வறுத்த தானியத்தின் நிறம் தங்கும், மிச்சச் சர்க்கரையும் பொதுவாக அதிகம். ஆனால் ஏபிசியில் ஆல்கஹால் 8 விழுக்காடு, கூடுதல் நேரம் காய்ச்ச வேண்டும். ஷாண்டியில் சாராயம் சொற்பம்தான் என்றாலும் இனிப்பு மிகுதி, அச்சிலேயே கொதித்து நடுவில் பிளக்கும். மது வீட்டுக்குள் வரக்கூடாது என்பவர்கள் ஆல்கஹால் நீக்கிய 0.0 பியரை வாங்கலாம். என் முதல் தேர்வும் அதுதான். பாதி வேலை மிச்சம்.

விருந்தில் மிஞ்சி வாயு இறங்கிய பியர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கடையில் வாங்குவதானால் நேரம் பார்த்துப் போங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மது விற்பதில்லை. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் என்பதால் வார இறுதியில் கெடுபிடி இன்னும் அதிகம்.

எண்ணெய்க்குத் தேக்காவும் சிராங்கூன் சாலையும் போதும். அரைக் கிலோ கணக்குக்குத் தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. வாசனைத் தலை எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் மினரல் ஆயில் இருக்கும், அது எந்தக் காலத்திலும் சோப்பாகாது. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காரம் வேண்டும், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. கூட்டி, தோல் வறளாமலிருக்க 5 விழுக்காடு குறைத்தால் 73 கிராம் வரும். எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாறும். கரண்டி அளவு கூடாது, தராசுதான்.

பியரை அகலப் பாத்திரத்தில் மூடாமல் சிறு தீயில் பாதியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். பால்போலப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஆவி தீப்பற்றக்கூடியது, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆறியபின் தண்ணீர் சேர்த்து 160 கிராமாக்கி, ஐஸ் தட்டில் உறையவையுங்கள். மறுநாள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் அந்த பியர்க் கட்டிகள்மீது காரத்தைச் சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். காரத்தின்மேல் பியரை ஊற்றுவது ஆபத்து. அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கட்டிகள் கரையக் கரைய நிறம் ஆரஞ்சாகிப் பழுப்பாகும், கருகிய ரொட்டியும் அமோனியாவும் கலந்தாற்போல ஒரு நாற்றம் வரும். பயப்பட வேண்டாம், நாளடைவில் அது போய்விடும்.

காரம் முழுதும் கரைந்ததும் வடிகட்டி எண்ணெயில் ஊற்றிக் கடைய வேண்டும். கரண்டியிலிருந்து விழும் கலவை மேலே கோடாக நிற்கும் பதத்தில் அச்சில் ஊற்றலாம். குளிர்நாட்டுக் குறிப்புகள் அச்சைத் துண்டால் போர்த்தச் சொல்லும். நமக்கு அது நேர்மாறு. பியரின் சர்க்கரையே சூடு கிளப்பும், வெளியே முப்பது டிகிரி வேறு. ஓரிரவு குளிர்பெட்டியில் வையுங்கள். இறுகியதும் துண்டுபோட்டு, நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட விடுங்கள். கிளிசரின் ஈரத்தை இழுப்பதால் இங்குள்ள புழுக்கத்தில் சோப்பின்மேல் வியர்வைபோல நீர் பூக்கும். வீவக வீட்டில் மின்விசிறி ஓடும் அறைதான் சரி, குளியலறை அலமாரி ஆகாது.

தீபாவளிக்கு அன்பளிப்பாகத் தர நினைப்பவர்கள் ஆறு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். உள்ளே பியர் இருப்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், 0.0 ஆனாலும் சரி. காசுக்கு விற்பதானால் சோப்பும் அழகுப் பொருள் பட்டியலில் சேரும். விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும்.